லேத்துக்குக் கண்ணு வைக்கப் போற மருமவனுக்கு

வா மருமவனே, உக்காரு. அந்த டப்பாவை ஸ்டூல் மேல வச்சிட்டு உக்காரு, யாரும் தூக்கிட்டுப் போயிற மாட்டாவ. பழைய லேத்துக்கு டிஆர்ஓ மாட்டப் போறியாமே? டீக்கடையில சொன்னாவ. ஸ்லைடு எம்புட்டு நகந்துச்சுன்னு டிஜிட்டல்ல காட்டுமாம், மூணு தசமம் வரைக்கும். ரொம்ப சந்தோசம். இந்தக் கெழவன் வேண்டாம்னு சொன்னா நீ கேக்கவா போற? அதனால நான் தடுக்கப் போறதில்ல. எப்படி மாட்டுனா ஊரு மெச்சும், ஆறு மாசத்துல சவம் எப்படி மூலைக்குப் போவும்னு வழி சொல்லித் தாரேன். அதுபடியே செய்யி.

மொதக் காரியம், டிஸ்ப்ளேவை வாசலைப் பாத்து மாட்டு. வேலை செய்யுதவனுக்குத் தெரியாட்டாலும் ராஜபாளையம் ரோட்டுல பஸ்ஸுல போறவனுக்குத் தெரியணும். சந்தனம் வையி, குங்குமம் வையி. எலுமிச்சம்பழத்துக்குப் புளியங்குடி இங்ஙன பக்கத்துலதான், ஒரு கூடை வாங்கிக் கட்டு. கோமதியம்மன் சன்னதிப் புத்துமண்ணை மட்டும் பெட் மேல தூவிறாத. அதை நெத்தியில பூசிக்கோ. பெட்டுல விழுந்தா மண்ணு மண்ணு வேலையைத்தான் பாக்கும்.

ரெண்டாவது, கிப்பைத் தொடாத. கிராஸ் ஸ்லைடு பக்கவாட்டுல ஆப்பு மாதிரி ஒரு பட்டை கெடக்கே, அதுதான். உங்க அப்பன் அந்த லேத்தைப் பழைய சரக்கா வாங்கிட்டு வந்த அன்னைக்கு இறுக்குனது. அதுக்கப்புறம் அந்தத் திருகாணியை யாரும் தொட்டதாத் தெரியல, மேல கரியும் கிரீசும் சேந்து கல்லாக் கெடக்கு. நீ சாப்பிடப் போனப்ப நான் சும்மா இருக்க முடியாம டயல் கேஜை எடுத்து வச்சிப் பாத்தேன். கிராஸ் ஸ்லைடை உள்ள தள்ளி நிப்பாட்டினேன். ஊசியை டூல் போஸ்ட்டுல முட்ட வச்சேன். பொறவு கைப்பிடியை வெளிப்பக்கமாத் திருப்பினேன். வளையத்துல பன்னெண்டு கோடு ஓடுது, ஊசி அசையல. இஞ்சுக் கோட்டை மாத்திச் சொன்னா ஒரு கோடு சுமாரா 0.05 மி.மீ. அப்போ மொத்தம் 0.60. ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. இது முடிஞ்சதும் டூல் போஸ்ட்டை ரெண்டு கையாலயும் புடிச்சி ஆட்டினேன். ஊசி 0.08 அங்கயும் இங்கயும் போயிட்டு வருது.

நீ என்ன சொல்லுவன்னு தெரியும். "மாமா, டிஆர்ஓ வந்துட்டா பேக்லாஷ் பிரச்சினையே இல்ல, ஸ்கேல் ஸ்க்ரூவைப் பாக்காது, ஸ்லைடைத்தான் பாக்கும்." அது நெசம். அதை நான் மறைக்க மாட்டேன். ஸ்க்ரூ தேஞ்சாலும், நட்டு தேஞ்சாலும், கைப்பிடி வளையத்துல கோடே அழிஞ்சி போனாலும், ஸ்லைடு போன தூரத்தை ஸ்கேல் நேராச் சொல்லிரும். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய லேத்துக்கு அது தகும். ஆனா அளவுல பேக்லாஷ் இல்லைன்னா லேத்துலயே இல்லைன்னு அர்த்தமா? பார்ட்டிங் டூலை வச்சி ரெண்டு இஞ்சு ராடை அறுக்கும்போது, அந்த 0.60 மி.மீ. சும்மா கெடக்கு பாரு, டூல் கவ்வினதும் அம்புட்டையும் ஒரே இழுப்புல இழுத்துக்கிடும். டூல் ஒடியும், ஜாப் பறக்கும். உன் டிஸ்ப்ளே அதையும் விடாம எத்தனை மைக்ரான் உள்ள போச்சுன்னு கரெக்டாக் காட்டிக்கிட்டு இருக்கும்.

அந்த 0.08 ஆட்டம் இன்னும் கெட்டது. ஸ்கேல் உக்காந்திருக்கிறது ஸ்லைடோட ஓரத்துல, கீழ. டூல் முனை இருக்கிறது மேல, நடுவுல. இடையில ஸ்லைடு தலையாட்டிச்சின்னா டூலுக்குத் தெரியும், ஸ்கேலுக்குத் தெரியாது. எர்ன்ஸ்ட் அபேன்னு ஒரு ஜெர்மன்காரர், யேனா ஊருல கண்ணாடிக் கம்பெனியில இருந்தவரு, 1890லயே சொல்லிட்டாரு: அளக்குற கோலும் அளக்கப்படுற பொருளும் ஒரே கோட்டுல இருக்கணும்னு. நான் படிச்சேன்னு நெனச்சிக்கிடாத. திருநெல்வேலியில இன்ஜினியரிங் படிக்கிற பேத்தி சொன்னா. அவ புத்தகத்துல படிச்சா, நான் தேஞ்ச கிப்புல படிச்சேன். ரெண்டும் ஒரே பாடந்தான்.

சரி, அந்த ஸ்கேலுக்குள்ள இருக்கிற கண்ணாடி எப்படி எண்ணுதுன்னு தெரியுமா? தெரியாமத்தான காசைக் கொடுத்திருக்க! நம்ம ஊருல தறிச்சத்தம் கேக்காத தெரு உண்டா? அங்க போயி ஒரு மெல்லிசு வாயில் துணியை ரெண்டா மடிச்சி வெளிச்சத்துக்கு நேராப் புடி. மேல் மடிப்பை ஒரு இழை தள்ளு. துணி இழையளவு நகரும், ஆனா உள்ள தெரியுற நெளிநெளியான நெழலு சாண் அளவு ஓடும். இழையை எண்ணக் கண்ணு பத்தாது, நெழலை எண்ணிறலாம். அதே சங்கதிதான். கண்ணாடிப் பட்டையில 20 மைக்ரானுக்கு ஒரு கோடு, ஒரு மி.மீ.க்குள்ள 50 கோடு. தலைமயிரு சுமாரா 70 மைக்ரான் தடிமன்னா பாத்துக்கோ. அது மேல ரீடர் தலையில இன்னொரு சின்னக் கோட்டுக் கண்ணாடி ஓடுது. இந்தப் பக்கம் ஒரு விளக்கு, அந்தப் பக்கம் வெளிச்சத்தைப் பாக்குற கண்ணு. வெளிச்சம் கூடிக் குறையுறதை ரெண்டு கண்ணு, கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்னு பாக்கும். எது முந்துதுன்னு வச்சி ஸ்லைடு முன்னால போவுதா பின்னால போவுதான்னு கண்டுக்கிடும். ஒரு கோட்டை நாலாப் பங்கு வச்சா 5 மைக்ரான். இன்னும் நுணுக்கிப் பிரிச்சா 1 மைக்ரான். இந்த நெழல் வித்தையை 1874லயே ராலே பிரபு எழுதி வச்சிட்டாரு. 1950கள்ல எடின்பரோவுல பெராண்டி கம்பெனிக்காரங்க அதை மிஷினுக்குக் கொண்டாந்தாங்க.

இப்போ உன் டப்பாவைத் திற. எக்ஸுக்கு, அதான் கிராஸ் ஸ்லைடுக்கு, என்ன ஸ்கேல் வாங்கியிருக்க? 5 மைக்ரானா? நெனச்சேன். விலை கம்மின்னு எடுத்திருப்ப. லேத்துல கிராஸ் ஸ்லைடு 1 மி.மீ. போனா ஜாப் 2 மி.மீ. குறையும், தெரியுமில்லா? டயாவுல காட்டுன்னு டிஸ்ப்ளேவுக்குச் சொல்லிட்டா, 5 மைக்ரான் ஸ்கேல் பத்துப் பத்து மைக்ரானாத்தான் தாவும். 25.000 காட்டும், அடுத்து 25.010 காட்டும், நடுவுல உள்ளது அதுக்குத் தெரியாது. உங்கிட்ட வர்ற ஜாப் என்ன? கெணத்து மோட்டார் ஷாப்ட்டு, தறி மோட்டார் ஷாப்ட்டு. 6205 பேரிங் ஏறணும், ஆடக் கூடாது. அதுக்கு ஷாப்ட்டு 25.002க்கும் 25.015க்கும் நடுவுல நிக்கணும்னு பிட் டேபிள்ல கே6க்கு நேராப் போட்டிருக்கு. இடைவெளி மொத்தமே 13 மைக்ரான். உன் டிஸ்ப்ளேவுல அதுக்குள்ள ஒரே ஒரு படி. நீளவாக்குல போற இசட்டுக்கு 5 மைக்ரான் தாராளம், தோளோட நீளத்தை எவன் மைக்ரான்ல கேக்கான்? எக்ஸுக்கு 1 மைக்ரான் வேணும். பில்லு இருக்கா? பையைக் கசக்காம மாத்திட்டு வா. இது நையாண்டி இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன்.

மாட்டுற கதைக்கு வாரேன். இசட் ஸ்கேலைப் பெட்டுக்குப் பின்னால வையி, எல்லாரும் அங்கதான் வைப்பாவ. எக்ஸ் ஸ்கேலுதான் தலைவலி. சக்குப் பக்கம் வச்சா சுருளும் கூலண்டும் நேரா அது மேலதான் விழும். டெயில் ஸ்டாக்குப் பக்கம் வச்சா, சென்டர் கொடுத்து வேலை செய்யும்போது டெயில் ஸ்டாக்கு வந்து இடிக்கும். இன்னுங் கொஞ்சம் போனா கேரேஜ் லாக் போல்ட்டுக்கு ஸ்பேனர் போட எடம் இருக்காது. மெல்லிசு உடம்பு உள்ள ஸ்கேலா வாங்கி டெயில் ஸ்டாக்குப் பக்கம் வைக்கிறதுதான் ரெண்டு கேட்டுல சின்னக் கேடு. ரப்பர் உதடு கீழ பாத்து இருக்கணும். மேல பாத்து வச்சேன்னா உள்ள பீடு தூசி போயி, கண்ணாடிக்குள்ள புத்தே கட்டிரும்.

பிராக்கெட்டு? அந்தத் தகரத்தையா சொல்லுத? டப்பாவுல கொடுத்தானாக்கும்! நல்லாருக்கு. விரலால தட்டிப் பாரு, வீணை மாதிரி அதிருது. லேத்து ஓடும்போது தகரம் ஆடும், ரீடர் தலை ஆடும், எண்ணும் கூடச் சேந்து ஆடும். நீ ஸ்கேல் சரியில்லைன்னு வித்தவனுக்குப் போனைப் போட்டு வைவ. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். 10 மி.மீ. தட்டை அறுத்து, லேத்துலயே முகம் எடுத்து, ரெண்டு போல்ட்டோட ஒரு பின்னும் அடிச்சி மாட்டு.

இன்னொண்ணு. ஸ்கேல் கொஞ்சம் கோணையா இருந்தா அளவே தப்பாயிரும்னு ஒருத்தன் உன்னைப் பயமுறுத்தியிருப்பான். கணக்குப் போடு. 300 மி.மீ. ஓட்டத்துல ஒரு முழு மி.மீ. கோணலா இருந்தாலும், அளவுல வர்ற பிழை ரெண்டு மைக்ரானுக்கும் கீழ. அதுக்காக நீ ராத்தூக்கம் கெட வேண்டாம். ஆனா கோணல் இருந்தா ரீடர் தலை ஒரு எடத்துல இறுகும், இன்னொரு எடத்துல தளரும். ஒருநாள் கண்ணாடியைக் கீறிரும். அதுக்காகத்தான் டயல் கேஜை வச்சி முழு நீளத்துக்கும் 0.1க்குள்ள கொண்டாரச் சொல்லுதாவ. காரணம் தெரிஞ்சி செய்யுதவன் கை நடுங்காது. ரெண்டு கோடியிலயும் கொஞ்சம் எடம் விட்டு வையி. கைப்பிடியை வேகமாச் சுத்தினா ஸ்லைடு நிக்கிறதுக்கு முன்னால ரீடர் தலை போயி முட்டக் கூடாது. முட்டினா உடையுறது வார்ப்பு இரும்பு இல்ல, கண்ணாடி. ஒயரை சக்குப் பக்கமாத் தொங்க விட்டுறாத. நீளச் சுருள் ஒண்ணு போதும், ஒயரைச் சுத்தி இழுத்து சக்குக்குள்ள சேத்திரும். உன் லுங்கிக்கும் அதே எச்சரிக்கைதான்; சொன்னா உங்க அத்தை என்னை வைவா, நீயே புரிஞ்சிக்கோ.

ஓட்டை போடணுமே! கிராஸ் ஸ்லைடைச் சுமக்கிற சேடில்ல துளை போட்டு டாப் அடிக்கணும். அதுக்குள்ள எண்ணெய் போற வழி ஒண்ணு இருக்கு. எங்க இருக்குன்னு இப்பச் சொல்ல மாட்டேன்.

எல்லாம் மாட்டியாச்சுன்னு வையி. சுவிட்சைப் போட்டா எண்ணு பளபளன்னு நிக்கும். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரன் வருவான், தறிக்காரன் வருவான், "என்னடே, சிஎன்சி மாதிரி இருக்கு"ன்னு சொல்லுவான். நீயும் பூரிச்சிப் போயிருவ. அப்போ ஒரு சோதனை செய்யி. 40 மி.மீ. ராடு ஒண்ணை சக்குல புடி. வெளிய 200 மி.மீ. நிக்கட்டும், டெயில் ஸ்டாக்கு கொடுக்காத. மெல்லிசா ஒரு வெட்டு, கோடியில இருந்து சக்கு வரைக்கும். எக்ஸைத் தொடாத. டிஸ்ப்ளே மொதல்லயும் 39.500, கடைசியிலயும் 39.500 காட்டும். மைக்ரோமீட்டரைப் போட்டுப் பாத்தா ரெண்டு கோடியிலயும் ரெண்டு அளவு இருக்கும். ஏன்? ராடு டூலுக்கு வளைஞ்சி கொடுத்தது ஒரு பங்கு. மிச்சம் பெட்டோட தேய்மானம். உங்க அப்பன் காலத்துல இருந்து எல்லா ஜாப்பும் சக்குக்குப் பக்கத்து ஒரு அடியிலதான் ஓடியிருக்கு. அங்க பெட்டு உள்வாங்கிப் போயிருக்கு. சேடில் அங்க வரும்போது 0.03 ஒதுங்குச்சின்னா டயாவுல 0.06 போச்சு. எக்ஸ் ஸ்கேல் சேடில் மேல உக்காந்து, சேடிலுக்கும் ஸ்லைடுக்கும் நடுவுல உள்ளதை மட்டும் எண்ணுது. சேடிலே ஒதுங்குனா அதுக்கு எப்படித் தெரியும்? பொய் சொன்னாலும் மூணு தசமத்துல சொல்லும் மருமவனே, அதுதான் இதுல உள்ள சிக்கல். என் காலத்துல வளையத்தைப் பாத்து "சுமாரா இருக்கும்"னு நெனப்போம், அந்தச் "சுமாரு" எங்களை மைக்ரோமீட்டருக்கு விரட்டும்.

அந்த மைக்ரோமீட்டரைத்தான் விக்கப் போறியாம்? 25-50ஐயா? டிஆர்ஓ வந்துட்டா அது எதுக்குன்னு கேட்டியாமே! லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லின்னு ஒரு மகராசன் இருந்தாரு. திருகாணி வெட்டுற லேத்தை இன்னைக்கு உள்ள மாதிரி உருவாக்கினதுல பெரும்பங்கு அவருக்கு உண்டு. 1805 வாக்குல அவரு பட்டறையில பெஞ்சு மைக்ரோமீட்டர் ஒண்ணு செஞ்சி வச்சிருந்தாரு. அதுக்கு லார்டு சான்சலர்னு பேரு, அந்தக் காலத்துல அந்த நாட்டுப் பெரிய நீதிபதியோட பட்டம். அளவுல சண்டை வந்தா அதுகிட்டத்தான் தீர்ப்பு. லேத்துக்கே தகப்பன்னு சொல்லத்தக்க ஆளு, லேத்து சொன்னதை நம்பல. நீ நேத்து வாங்கின டப்பாவை நம்பி நீதிபதியை விக்கப் பாக்க.

ஜாப்பை அளக்குறதுக்கு டிஆர்ஓவால ஆகாது. ஸ்லைடு போன தூரத்தைத்தான் அதால சொல்ல முடியும். மெல்லிசா ஒரு வெட்டு எடு, எக்ஸைத் தொடாம இசட்டுல வெளிய வா, லேத்தை நிப்பாட்டி மைக்ரோமீட்டர்ல அள, அந்த அளவை டிஸ்ப்ளேவுல அடி. அப்பத்தான் அதுக்கு நீ எங்க நிக்கன்னே தெரியும். டூலை மாத்தினா மறுபடி அடிக்கணும். டிப் தேஞ்சாலும் மறுபடிதான். சூடா இருக்கும்போது அளந்தா அதுவும் வம்பு. இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, பதினொன்னரை மைக்ரான் நீளும். 25 மி.மீ. ஷாப்ட்டு வெட்டுச் சூட்டுல 40 டிகிரி ஏறுச்சின்னா 11 மைக்ரானுக்கு மேல பெருத்துக் கெடக்கும். உனக்குக் கெடச்ச எடமே 13 மைக்ரான். சித்திரை மாசம் நம்ம தகரக் கூரைக்குக் கீழ, சூட்டோட அளந்து சரியா இருக்குன்னு வெட்டி முடிச்சிட்டு டீ குடிச்சிட்டு வந்து பாரு. பேரிங் கையாலயே ஏறும், கையாலயே இறங்கும்.

கிராஸ் ஸ்லைடு மேல உக்காந்திருக்கிற சின்ன ஸ்லைடு, அந்தக் காம்பவுண்டைப் பத்தி ஒண்ணு. நாங்க நுணுக்கமா எடுக்கணும்னா காம்பவுண்டை 5.74 டிகிரி சாய்ச்சி வச்சிக்கிடுவோம். காம்பவுண்டுல 0.1 தள்ளினா உள்பக்கமா 0.01தான் போவும். தேஞ்ச லேத்துல மைக்ரானைத் தேடிப் புடிக்க அதுதான் எங்க டிஆர்ஓ. இந்த வித்தையை உன் டிஸ்ப்ளேவுக்குக் காட்டினேன்னா அது முழிக்கும். காம்பவுண்டு நகருறது அதுக்குத் தெரியவே தெரியாது, ஸ்கேல் அங்க இல்லையே. நீ காம்பவுண்டுல அரை மி.மீ. தள்ளிட்டு, எண்ணு மாறலையேன்னு இன்னும் தள்ளி, ஜாப்பை எடைக்குப் போடுவ. ஒண்ணு, காம்பவுண்டை இறுக்கிப் பூட்டு. இல்லாட்டி அதுக்கும் தனியா ஒரு ஸ்கேல் வாங்கு. வாங்க மாட்ட, எனக்குத் தெரியும். பூட்டு.

கரண்டு போனா என்ன ஆவும்னு கேக்கலையே நீ? டிஸ்ப்ளே கடைசி எண்ணை ஞாபகத்துல வச்சிருக்கும். கரண்டு இல்லாத நேரத்துல உன் கையாளு ஸ்லைடைத் தள்ளி வச்சிட்டுக் கீழ கூட்டினான்னா, அது அதுக்குத் தெரியாது. கரண்டு வந்ததும் பழைய எண்ணை நெஞ்சை நிமித்திக் காட்டும். ஸ்கேல்ல ரெபரென்ஸ் மார்க் உண்டு. மறுபடி அதைத் தாண்டிக் கொண்டு போயி எடத்தைக் காட்டிக் கொடு. அதைச் செய்யக் கத்துக்கோ. விசைத்தறிக்காவது ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசக் கரண்டு உண்டு. லேத்துக்காரனுக்கு யாரு இருக்கா? எர்த்தையாவது ஒழுங்காப் போடு. மோட்டார் கான்டாக்டர் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் எண்ணு குதிச்சா அது பேயும் இல்ல, பிசாசும் இல்ல, எர்த்து இல்ல. பக்கத்து ஊருல ஒரு பட்டறையில எண்ணு தானா ஓடுதுன்னு மந்திரிச்சிக் கட்டினான். டிஸ்ப்ளேயைத் திறந்து பாத்தா உள்ள பல்லி முட்டை வச்சிருக்கு.

ரொம்பத்தான் நொட்டை சொல்லுதேன்னு மூஞ்சியைத் தூக்காத. நல்லதையும் கேளு. அந்த லேத்துல ஸ்க்ரூ இஞ்சு. 1956ல மெட்ரிக் சட்டம் போட்டாவ. நாங்க இன்னமும் நூலு, தவ்வுன்னுதான் பேசிக்கிட்டுத் திரியுதோம். ஒரு நூலு 3.175, ஒரு தவ்வு 0.0254ன்னு பீடி அட்டையில பெருக்கிப் பெருக்கியே என் வயசு போச்சு. உனக்கு ஒரு பட்டன் போதும். அடுத்து, உள்துளை கடையும்போது டூல் எங்க நிக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. அங்க இசட் எண்ணு தெய்வம். அடி தட்டாம, தோளு முட்டாம நிப்பாட்டலாம். ஒரே மாதிரி இருபது புஷ் போடணும்னா, ஒவ்வொண்ணுக்கும் ஸ்கேலை வச்சி சாக்பீஸ்ல கோடு போட வேண்டாம். குவிக் சேஞ்ச் டூல் போஸ்ட்டு ஒண்ணு வாங்கிட்டேன்னா டூலுக்கு டூல் அளவை நினைவுல போட்டு வச்சிக்கிடலாம். அந்தப் பழைய நாலு மூலை டூல் போஸ்ட்டை வச்சிக்கிட்டு இதைச் செய்யாத, திருப்பித் திருப்பி வச்சா ஒரே எடத்துல நிக்காது. மரை வெட்டும்போது ஹாஃப் நட்டும் மரை டயலும் வேணும்தான், டிஆர்ஓ அந்த வேலையைச் செய்யாது. ஆனா எங்க நிப்பாட்டணும்னு சொல்லும். என் கண்ணுக்கு இப்போ வளையத்துல கோடே தெரியல. அதனால எனக்கும் அந்த எண்ணு வேணும், இதை வெளிய சொல்லிறாத.

புது லேத்தே வாங்கிரலாம்னு உன் கூட்டாளி சொன்னானாம். எதுக்கு? கோயம்புத்தூர்ல பிஎஸ்ஜி தொழிற்கூடம் 1926ல தொடங்கினது. ஹரிஹர்ல மைசூர் கிர்லோஸ்கர் 1941ல. பெங்களூர்ல ஹெச்எம்டி 1953ல, சுவிஸ்காரன் ஓர்லிகான் கூட்டோட. அந்த வார்ப்பெல்லாம் இன்னமும் தமிழ்நாட்டுப் பட்டறைகள்ல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நட்டைப் புதுசாப் போடலாம், கிப்பைச் சுரண்டி உக்கார வைக்கலாம், பெட்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்பலாம். தடிமனான வார்ப்பு கெடைக்கிறதுதான் கஷ்டம். உன் லேத்துக்கு அது இருக்கு. சிஎன்சி வாங்கினா தவணை கட்டணும், தவணை கட்டணும்னா ஆயிரம் ஆயிரமா ஒரே ஜாப் வேணும். உனக்கு வர்றது ஒரு உடைஞ்ச ஷாப்ட்டு, ஒரு தேஞ்ச புஷ்ஷு, ஒரு தறிக் கிராங்க்கு. அதுக்குக் கைலேத்தும் டிஆர்ஓவும்தான் சரி.

அதனால முடிவாச் சொல்லுதேன். மாட்டு. எக்ஸ் ஸ்கேலை மாத்திட்டு வா. நட்டு புதுசா ஒண்ணு வெண்கலத்துல கடைஞ்சி போடு, கிப்பைத் திறந்து மண்ணெண்ணெயில கழுவி உக்கார வையி. டிஸ்ப்ளேயை உன் கண்ணு மட்டத்துக்கு, சக்குச் சுருள் தெறிக்காத பக்கமா மாட்டு. ஆடித்தபசுக்கு ஊருக்குள்ள நடக்க எடம் இருக்காது, உனக்கு எப்படியும் வேலை ஓடாது. அந்த நாள்லயே இதை முடிச்சிறலாம். டிரில்லிங் மிஷினைக் கையில எடுக்கிற அன்னைக்கு என்னை வந்து கூட்டிட்டுப் போ, என் சைக்கிள் பங்சர். சேடில்ல எண்ணெய் வழி எங்க போவுதுன்னு உங்க அப்பனுக்கும் எனக்கும்தான் தெரியும். அவன் இப்போ இல்ல.